அருமையும் விலையும்

(தருமபுரி மாவட்டம், அரூர் வட்டாரத்தில் தமிழன்பர் கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

    

உடையைப் பற்றிப் பேசுமாறு எனக்குப் பணித்திருக்கின்றனர். மொழிக்காகக் கூடிய கூட்டத்தில் உடைக்கு என்ன வேலை என்று நீங்கள் எண்ணலாம். ஒருவன் இன்னான் என்பதை அவன் வாய் திறக்குமுன் காட்டுவது உடை. வாய் திறந்தபின் காட்டுவது மொழி. இவ்விரண்டில் ஒன்றில் அடிமைப்பட்டவன் மற்றொன்றில் உரிமையோடு நிற்றல் அரிது. ஆகவே உடையைப் பற்றிய பேச்சும் நம் பேச்சே.

நம் முன்னோர் உடைக்கு வைத்த பெயர்களை எண்ணிப் பாருங்கள். உடுத்தப்படுவது உடை. தறியினின்று துணிக்கப்பட்டது துணி. அறுக்கப்பட்டது அறுவை. துண்டிக்கப்பட்டது துண்டு. தைப்பது தையல், பெண்ணுக்கும் தையல் என்று ஒரு பெயர் உண்டு. இப் பெயர்கள் எல்லாம் செய்யும் தொழிலிலிருந்து பிறந்தவை. கையின் அசைவிலிருந்து பிறந்தவை. விற்றவன் பெயரால் துணியை அழைக்கும் வழக்கம் அன்று இல்லை. இன்றோ, சட்டையைக் காட்டி இது என்ன என்று கேட்டால், இளைஞன் நிறுவனத்தின் பெயரைச் சொல்கின்றான். துணியின் பெயர் அவனுக்குத் தெரியாது. நெய்தவர் யார், தைத்தவர் யார் என்னும் கேள்வியும் அவனுக்குத் தோன்றுவதில்லை.

புதிய வாணிகம்

நகரத்துக் கடைகளில் இக்கால் ஒரு புதிய முறை பரவியிருக்கின்றது. 'லிமிடெட் எடிசன்' என்கின்றனர், 'கலெக்சன்' என்கின்றனர், 'ட்ராப்' என்கின்றனர். தமிழ்ப்பிள்ளைகளும் அப்படியே சொல்கின்றனர். செய்தி இவ்வளவே: ஒரு வகைச் சட்டையை முந்நூறோ ஐந்நூறோ மட்டும் செய்து, இன்ன நாளில் இன்ன நேரத்தில் விற்போம் என்று முன்னரே அறிவிப்பர். விற்றுத் தீர்ந்தால் மறுபடியும் செய்யமாட்டோம் என்பர். இதனை நாம் எண்ணளவுத் தொகுதி என்று சொல்லலாம். தெருவில் திரியும் இளைஞர் உடுத்தும் தளர்ந்த சட்டை, பனியன், தொப்பி முதலியவற்றைத் தெருவுடை என்னலாம். 'ட்ராப்' என்பதைச் சொட்டு என்று மொழிபெயர்த்து இடர்ப்பட வேண்டா. வெளியீடு என்னும் நம் சொல்லே போதும். புத்தகத்தை வெளியிடுவோர் நாம். சட்டையை வெளியிட முடியாதா?

இவ் வாணிகத்திற்கு அமெரிக்க நாட்டு நியூயார்க்கு நகரில் 1994ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற சுப்ரீம் என்னும் கடையை முன்னோடியாகச் சொல்வர். சக்கரப்பலகையில் ஏறி விளையாடும் இளைஞர்க்காகத் திறந்த சிறுகடை அது. வியாழக்கிழமைதோறும் புதுச் சரக்கு சிறு எண்ணிக்கையில் வரும். வாங்குவதற்குத் தெருக்கோடி வரையில் வரிசை நிற்கும். வாங்கியவன் அடுத்த மணிநேரத்திலேயே பல மடங்கு விலைக்கு விற்பான். 2016ஆம் ஆண்டு அக் கடை செங்கல் ஒன்றின்மேல் தன் பெயரைப் பதித்து 30 தாலருக்கு விற்றது. ஆம், வீடு கட்டும் செங்கல்! அதையும் வாங்கிச் சென்று பன்மடங்கு விலைக்கு விற்றனர். 2020ஆம் ஆண்டு அந் நிறுவனம் 210 கோடித் தாலருக்கு ஒரு பெருநிறுவனத்தின் கைக்குப் போயிற்று. 2024ஆம் ஆண்டு 150 கோடித் தாலருக்கு வேறொரு பெருநிறுவனத்தின் கைக்கு மாறிற்று. பெயருக்கு ஏறிய விலை பெயரோடு இறங்கவும் செய்தது.

இங்கிலாந்து நாட்டுப் பர்பெரி என்னும் உடை நிறுவனத்தின் செய்தி இதனினும் வியப்பானது. விற்காமல் தங்கிய 2 கோடியே 86 இலக்கம் பவுண் விலையுள்ள சரக்கை ஓராண்டில் அழித்துவிட்டதாக 2018இல் அந் நிறுவனமே தன் கணக்கில் காட்டிற்று. மலிவாக விற்றால் பெயரின் மதிப்புக் குறைந்துவிடுமாம். உலகமே பழித்தபின், அவ் வாண்டு செப்தம்பரில் அவ் வழக்கத்தை நிறுத்துவதாக அறிவித்தது. உடுக்கத் துணியில்லாதார் உள்ள ஞாலத்தில் துணியை எரித்து விலையைக் காப்பாற்றும் வாணிகம் எத்தகைய வாணிகம் என்பதை நீங்களே எண்ணிக் கொள்ளுங்கள்.

இதற்கு நேர் எதிர்ப்புறத்தில் மலிவுடை வாணிகம் நிற்கின்றது. கிழமைக்கொரு புதுவகை, கைக்குக் கிடைத்த விலை, நாலு முறை உடுத்தால் குப்பை. அதன் விலையை யார் கொடுத்தனர் என்பதை 2013 ஏப்பிரல் 24 உலகுக்குக் காட்டிற்று. வங்காளதேசத்தில் தாக்கா நகரையடுத்து இராணா பிளாசா என்னும் எட்டடுக்குக் கட்டடம் சரிந்தது. அதனுள் உடை தைத்துக்கொண்டிருந்தோரில் 1,134 பேர் மாண்டனர். சுவரில் வெடிப்புக் கண்டு முதல்நாள் வெளியேறியவர்களை மறுநாள் வேலைக்கு வரச்செய்ததால் நேர்ந்த சாவு அது.

ஒருபுறம் பொய்யான அருமை. மறுபுறம் பொய்யான எளிமை. இரண்டுக்கும் நடுவில் உண்மையான வழி ஒன்று உண்டா? உண்டு. அதனைத் தேடி நியூயார்க்கு போக வேண்டியதில்லை. நாம் நிற்கும் இவ் வட்டத்திலேயே, ஒரு மலைப்பள்ளத்தாக்கில் அது இருக்கின்றது.

சிட்டிலிங்கி

கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் இடையே சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கு இருக்கின்றது. அங்கு வாழ்வோரில் பெரும்பாலோர் மலையாளி எனப்பெறும் மலைவாழ் பழங்குடியினர். அவர்கட்கும் கேரள நாட்டுக்கும் தொடர்பில்லை, மலையில் வாழ்பவர் என்பதே பெயர்ப்பொருள், பேசுவது தமிழ். அவர்களோடு இலம்பாடி மக்களின் குடியிருப்புகள் இரண்டு உள்ளன. அக் குடியிருப்பைத் தாண்டா என்பர்.

1993ஆம் ஆண்டு மருத்துவர் இரெசி, மருத்துவர் இலலிதா என்னும் இணையர் அங்குச் சென்று, மண்சுவரும் கூரையுமான குடிலில் மருத்துவப் பணியைத் தொடங்கினர். அவ்வூர்ப் பெண்களையே செவிலியராகப் பயிற்றினர். பணி பெருகப் பெருக, நோயின் வேர் வறுமையில் இருப்பது தெரிந்தது. மழை பொய்த்த ஆண்டுகளில் மக்கள் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் கேரளத்திற்கும் கூலிவேலைக்குப் போயினர். ஆகவே இயற்கை உழவர் கூட்டமைப்பு ஒன்று உருவாயிற்று. சிலரோடு தொடங்கிய அது நூற்றுக்கணக்கான உழவரைக் கொண்டதாய் வளர்ந்தது. கேழ்வரகும் சாமையும் மஞ்சளும் பருத்தியும் அதன் விளைபொருள்கள்.

அப்போதுதான் இலம்பாடிப் பெண்களின் பூத்தையல் கண்ணில் பட்டது. பட்டது என்பதைவிட, இல்லாமற்போனது கண்ணில் பட்டது என்பதே பொருந்தும். ஏனெனில் இரண்டு தலைமுறையாக அங்கு யாரும் அதனைச் செய்யவில்லை. பாட்டியர் உடுத்த கண்ணாடிச்சில்லும் சோழியும் காசும் பதித்த பேட்டியாப் பாவாடையும் காஞ்சளி மேற்சட்டையும் பெட்டிக்குள் போயின. பேத்தியர் புடைவைக்கு மாறினர். வேற்றுடையைக் கண்டு ஊரார் நகைத்ததும் அம் மாற்றத்திற்கு ஒரு கரணியம். தையலை முழுதும் நினைவில் வைத்திருந்தோர் முதிய பெண்கள் இருவரே. அவ்விருவரும் மற்றவர்க்குக் கற்பித்தனர். 2000ஐ அடுத்த பத்தாண்டில் அப் பெண்களின் கூட்டமைப்பு உருவாயிற்று. அறுபது பெண்கள் அளவில் அதில் சேர்ந்து தைத்தனர். அதற்கு அவர்கள் இட்ட பெயர் போர்கை. அவர்கள் மொழியில் அதற்குப் பெருமிதம் என்று பொருள்.

தமிழன்பர்களே! இப் பெயரைக் கேட்டதும் உங்கள் செவிக்கு என்ன தோன்றும் என்று எனக்குத் தெரியும். பொற்கை என்று தோன்றும். பொற்கைப் பாண்டியன் கதை நினைவுக்கு வரும். இஃது எம் சொல்லே என்று நா துடிக்கும். வேண்டா. அஃது அவர்கள் சொல். எழுத்து வேறு, பொருள் வேறு. இலம்பாடி என்னும் பெயரும் அப்படியே. வறுமையைக் குறிக்கும் இலம்பாடு என்னும் நம் பழஞ்சொல்லோடு ஓசை ஒத்திருப்பினும், அதனை உப்பு வாணிகத்தோடு தொடர்புபடுத்தி விளக்குவோரே பலர். நம் சொல்லைப் பிறர் தம் சொல்லென உரிமை கொண்டாடும்போது நமக்கு எவ்வளவு சினம் வருகின்றது! அச் சினம் உண்மையாயின், பிறர் சொல்லை நாம் தொடாதிருத்தல் வேண்டும். தன் தாயைப் போற்றுகின்றவன் அடுத்த வீட்டுத் தாயைப் பழிக்கான்.

நம் மண்ணில் அவர்கள்

இவர்கள் மொழி வடநாட்டு மொழிக்குடும்பத்தது, தனக்கென எழுத்தில்லாதது. அப்படியாயின் இவர்கள் நமக்கு என்ன உறவு என்று கேட்பார் உளர். வரலாற்றைப் பாருங்கள். இவர்கள் பொதிமாட்டு வணிகர். ஆயிரக்கணக்கான எருதுகளின்மேல் உப்பும் தவசமும் ஏற்றி நாடு முழுதும் கொண்டு சென்றவர்கள். நம் கழக இலக்கியங்களில் உப்பு வண்டிகளோடு குடும்பம் குடும்பமாய்ச் செல்லும் உமணரைக் காண்கின்றோம். அவ் வுமணர் செய்த பணியைப் பிற்காலத்தில் செய்தவர் இவர்கள். மைசூர்ப் போர்க்காலத்தில் படைகளுக்குத் தவசம் சுமந்தவரும் இவர்களே. 1791இல் கார்ன்வாலிசின் படை உணவின்றித் தவித்தபோது இவர்தம் எருதுகளை எதிர்பார்த்து நின்றது. 1792ஆம் ஆண்டு உடன்படிக்கையால் இத் தகடூர் நாட்டை உள்ளிட்ட பாரமகால் ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. பின்னர்ப் புகைவண்டியும் கற்சாலையும் வந்தன. பொதிமாட்டுத் தொழில் செத்தது. நடந்தவர்கள் நின்ற இடத்தில் குடியேறினர். ஆந்திரத்திலும் தெலுங்கானாவிலும் இவர்கள் பட்டியற் பழங்குடியினர். கருநாடகத்தில் பட்டியல் இனத்தவர். தமிழ்நாட்டில் இவ்விரண்டு பட்டியலிலும் இல்லை.

இம் மண்ணில் உழுது, இம் மண்ணின் பருத்தியில் தைத்து, தமிழில் விலை பேசி, தம் வீட்டில் தம் மொழி பேசி வாழும் மக்கள் நம் நாட்டு மக்களே. அவர்கள் கைத்தொழில் அழிந்தால் தமிழ்நாடு ஏழையாகும். நீலமலைத் தோடரின் பூத்தையலுக்கு 2013ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தபோது நாம் மகிழ்ந்தோம் அல்லவா? கருநாடகத்துச் சண்டூர் இலம்பாணித் தையலுக்கு 2010இலேயே அக் குறியீடு கிடைத்தது. 2023 சூலையில் அம்பி நகரில் 450க்கு மேற்பட்ட பெண்கள் செய்த 1,755 தையற் பொருள்களை ஒருங்கே காட்சிக்கு வைத்து உலகப் பதிவேட்டில் இடம் பெற்றனர். அங்கே அவர்கள் தையல் வகைகளைப் பெயர் சொல்லி எண்ணுகின்றனர்: கீலன், வேலே, மக்கி, இரேலோ, காத்ரி என்று பட்டியல் நீள்கின்றது. சொல் இருந்தால் தொழில் இருக்கும். தொழில் செத்தால் முதலில் சாவது சொல். மொழிக்காக நிற்கும் நமக்கு இவ் வுண்மையைப் பிறர் சொல்ல வேண்டுமா?

ஏன் சிறுதொகை?

இத்தகைய தையலில் ஒரு வகையைப் பெருந்தொகையாகச் செய்ய இயலாது. ஏன் என்பதைச் சற்று விளக்குகின்றேன்.

முதலாவது, கை. கண்ணாடிச்சில்லைப் பசையால் ஒட்டுவதில்லை. அதனைச் சுற்றி நூலால் வேலி கட்டி இருத்துகின்றனர். குறுக்கும் நெடுக்குமாக நூலோட்டி, அதன்மேல் விளிம்புத் தையல் போட்டால்தான் சில்லு நிற்கும். துணியின் இழைகளைக் கண்ணால் எண்ணியே பல தையல்களைப் போடுகின்றனர், கோடிட்டுக் கொள்வதில்லை. ஒருத்தியின் கை இழுப்பு மற்றொருத்திக்கு வாராது.

இரண்டாவது, வேளை. இப் பெண்கள் உழவுப் பெண்கள். நடவும் களையும் அறுப்பும் முடிந்த ஓய்விலே தைக்கின்றனர். மழைக்காலத்தில் ஊசி ஓய்ந்திருக்கும், கோடையில் ஓடும். ஆலையின் மணியோசைக்கு அவர்கள் அடிமைகள் அல்லர்.

மூன்றாவது, நிறம். இயற்கைச் சாயத்தின் இயல்பு அறிந்தோர்க்கு இது விளங்கும். பருத்தி எளிதில் சாயம் பற்றாது. கடுக்காய் நீரில் துணியை ஊறவைத்து, அதன் துவர்ப்பை இழையில் ஏற்ற வேண்டும். பின்னர்ப் படிகாரக் கரைசலில் தோய்க்க வேண்டும். அப்போதுதான் மஞ்சிட்டியின் சிவப்பு இழையைப் பற்றும். இரும்புத்துருவும் வெல்லமும் புளிக்கவைத்த நீர் கடுக்காயோடு கூடினால் கருமை பிறக்கும். அவுரிக்கு இம்முறை இல்லை. தொட்டியில் புளித்து, துணியில் ஏறி, காற்றுப் பட்ட பிறகே அது நீலமாகும். தண்ணீரின் உப்பு மாறினால் நிறம் மாறும். வெயில் மாறினால் நிறம் மாறும். ஒரு தொட்டியில் வந்த நிறம் அடுத்த தொட்டியில் அப்படியே வாராது. ஆகவே ஒரு தொட்டிக்கு எத்தனை முழமோ, அந் நிறத்தில் அத்தனை சட்டைதான்.

நான்காவது, பருத்தி. மழையை நம்பி விளையும் பருத்தி ஆண்டுக்கொரு முறை. அதுவும் வானம் கொடுத்த அளவு.

இந் நான்கும் கூடியே இவர்கள் செய்யும் தொகுதி சிறுதொகுதி ஆகின்றது. யாரும் மேசைமுன் அமர்ந்து முந்நூறு போதும் என்று கட்டளையிட்டதால் அன்று. சுப்ரீம் நினைத்தால் முப்பதாயிரம் அச்சடிக்கலாம், அடிப்பதில்லை. இப் பெண்கள் நினைத்தாலும் முப்பதாயிரம் தைக்க இயலாது. வேறுபாடு இங்குத்தான் இருக்கின்றது.

அருமை என்னும் சொல்

நம் தமிழில் அருமை என்றொரு சொல் இருக்கின்றது. இதற்கு மூன்று பொருள். கிடைத்தற்கு அரியது என்பது ஒன்று. செய்தற்கு அரியது என்பது ஒன்று. போற்றத்தக்கது என்பது ஒன்று. அருமையான பிள்ளை என்கின்றோமே, அங்கு மூன்றாம் பொருள். இம் மூன்றையும் ஒரே சொல்லில் வைத்த தமிழன் ஒரு நெறியையும் அதனுள் வைத்தான். செய்தற்கு அரியதாய் இருப்பதால் கிடைத்தற்கு அரியதாகின்றது, அதனால் போற்றத்தக்கதாகின்றது. புதிய வாணிகம் என்ன செய்கின்றது? நடுப்பொருளை உருவிவிடுகின்றது. செய்தற்கு எளியதைக் கிடைத்தற்கு அரியதாக்கிப் போற்றச் சொல்கின்றது. செங்கல் செய்தற்கு அரியதா?

இத் தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியிடம் ஒரே ஒரு நெல்லிக்கனி இருந்தது. உச்சிமலைப் பிளவில் உயிரைப் பணயம் வைத்துப் பறித்த கனி. உண்டார்க்கு நீண்ட வாழ்நாள் தரும் கனி. எண்ணளவுத் தொகுதி என்றால் அதுவன்றோ எண்ணளவு! அவன் அதற்கு விலை வைக்கவில்லை. வரிசை நிற்க வைக்கவில்லை. அதன் சிறப்பைச் சொல்லாமலே அவ்வையாரிடம் கொடுத்தான். அருமை உடையதை அருமை அறிந்தார்க்குக் கொடுத்தல் இந் நிலத்தின் பழம்பண்பு.

பெயரற்ற நெசவாளர்

கைத்தொழிலின் அருமையைப் பிறன் விலையாக்கிக்கொண்ட கதை நமக்குப் புதிதன்று. நம் கடற்கரையில் நெய்த கட்டம்போட்ட பருத்தித்துணி சென்னையின் பழைய ஆங்கிலப் பெயராலேயே 'மெட்ராசு' என உலகெங்கும் வழங்கிற்று. 1958ஆம் ஆண்டு அமெரிக்க வணிகர் ஒருவர் இந்தியாவுக்கு வந்து, முழக்கோல் மூன்றடிக்கு ஒரு தாலர் என்னும் விலையில் அத் துணியை வாங்கிச் சென்று, நியூயார்க்குப் பெருங்கடை ஒன்றுக்குப் பத்தாயிரம் கசம் விற்றார். துவைத்ததும் சாயம் ஓடி நிறங்கள் ஒன்றோடொன்று கலந்தன. வாங்கியோர் சினந்தனர். விளம்பரக்காரர் என்ன செய்தனர் தெரியுமா? "இது கட்டாயம் சாயம் போகும் துணி, ஒவ்வொரு முறை துவைக்கும்போதும் புதுத்துணி" என்று அதையே சிறப்பாக்கினர். கல்லூரி இளைஞர் போட்டியிட்டு வாங்கினர். சட்டை வாணிகர் பெயர் அமெரிக்க உடைவரலாற்றில் இருக்கின்றது. நெய்த தமிழ் நெசவாளன் ஒருவன் பெயரேனும் அதில் இருக்கின்றதா? ஊர்ப்பெயர் மட்டும் போயிற்று, ஆட்பெயர் போகவில்லை, காசும் வரவில்லை.

போர்கையின் தையலுக்கும் இவ் விடர் வரலாம். கைத்தையலைப் படம்பிடித்து, அச்செந்திரத்தில் துணிமேல் பதித்து, 'இலம்பாடி வகை' என்று நூறு மடங்கு மலிவாக விற்போர் இன்றே இருக்கின்றனர். புவிசார் குறியீடு ஊர்ப்பெயரைக் காக்கும். ஊசி பிடித்தவளின் கூலியைத் தானாகக் காவாது. அதனைக் காக்க வேண்டியவர் வாங்குவோர்.

கூலிக் கணக்கு

ஒரு கணக்குப் போடுவோம். நான்கு நாள் கைவேலை கொண்ட மேற்சட்டை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 2024-25ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் ஊரக வேலையுறுதித் திட்டத்தில் ஒருநாட் கூலி 319 உரூபா. மண் வெட்டுவோர்க்கு உரிய அக் கூலியையே ஊசிவேலைக்கும் கணக்கிட்டால் 1,276 உரூபா. இதில் பருத்தி சேரவில்லை; நூற்றல், நெய்தல், சாயம், வெட்டித் தைத்தல், பேருந்துச் செலவு, கடைச்செலவு எவையும் சேரவில்லை. அத்தகைய சட்டையை ஒருவன் அறுநூறு உரூபாவுக்கு விற்கின்றான் என்றால் இரண்டில் ஒன்று உண்மை: அது கையால் செய்யப்படவில்லை, அல்லது செய்த கைக்குக் கூலி கொடுக்கப்படவில்லை. இதனை அறியாமல், பெருங்கடையில் அச்சிட்ட பெயருக்கு மூவாயிரம் மறுசொல் இன்றிக் கொடுத்துவிட்டு, கைத்தொழில் கண்காட்சியில் ஐம்பது உரூபா குறை என்று வாதாடுகின்றோம். உழைக்கும் பெண்ணோடு பேரம். உழையாத பெயருக்குப் பணிவு. இதனை என்னென்பது!

எங்களுக்கு அவ்வளவு பணம் ஏது என்று கேட்கும் உழைப்பாளிகள் இக் கூட்டத்தில் இருக்கின்றீர்கள். உங்கள் கேள்வி முறையானது. இவ் வுடையை இன்று வாங்குவோர் பெரும்பாலும் நகரத்து வசதியுள்ளோரே என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் முழு உடை வாங்குவோர் மட்டுமே இத் தொழிலைக் காப்பவர் அல்லர். பழந்துணிப்பையில் ஒரு பூத்தையல் துண்டைத் தைத்துக்கொள்ளலாம். திருமணத்திற்கு வெள்ளிப்பூச்சுத் தட்டு கொடுப்பதற்கு மாற்றாக ஒரு தலையணையுறை கொடுக்கலாம். ஆண்டுக்கு ஆறு மலிவுச்சட்டை வாங்குவோர் மூன்றோடு நின்று, நாலாவதாக ஒரு நல்ல சட்டை வாங்கி, கிழிந்தால் தைத்து ஆறாண்டு உடுக்கலாம். கிழிசலைத் தைத்து உடுப்பது இழிவென்று நமக்குக் கற்பித்தவன் துணி விற்பவன்.

நெஞ்சில் தமிழ், கழுத்தில்?

இளைஞர்களே, உங்களுக்கு ஒரு சொல். 2020 செப்தம்பரில் 'இந்தி தெரியாது போடா' என்று பொறித்த பனியன் சட்டைகள் நாடெங்கும் பரவின. திரைத்துறையினர் உடுத்துப் படம் வெளியிட்டனர். திருப்பூரில் அச்சடித்துக் குவித்தனர். தெருவுடை என்பது தமிழுக்குப் பயன்பட்ட நாள் அது. நான் அதனைப் பாராட்டுகின்றேன். ஆனால் இன்று தமிழ் எழுத்துப் பொறித்த சட்டை அணிந்திருப்போர் வீட்டுக்குப் போய், கழுத்தின் உட்புறம் தைத்துள்ள சிறு சீட்டைப் பாருங்கள். அளவு ஆங்கிலம், துவைக்கும் முறை ஆங்கிலம், செய்தவர் பெயர் இல்லவே இல்லை. நெஞ்சில் தமிழ், கழுத்தில் ஆங்கிலம்! நெஞ்சில் இருப்பது ஊர் பார்க்க. கழுத்தில் இருப்பது நம் உடலைத் தொட்டுக்கொண்டு இருப்பது. எது உண்மை?

திருப்பூரில் சிறு அளவில் சட்டை செய்யும் தமிழ்த் தொழில்முனைவோர் பலர் இருக்கின்றனர். நூறு சட்டை, இருநூறு சட்டை எனச் செய்து விற்கின்றனர். அவர்கட்கு என் வேண்டுகோள்: நீங்களும் எண்ணளவுத் தொகுதி வெளியிடுங்கள், தவறில்லை. ஆனால் எண்ணளவு எதனால் என்பதை உண்மையாய்ச் சொல்லுங்கள். சாயத்தால் என்றால் சாயத்தால். கையால் என்றால் கையால். சாயக்கழிவால் நொய்யல் கெட்டு, 2011ஆம் ஆண்டு சாயப்பட்டறைகளை மூடுமாறு உயர்நீதிமன்றம் ஆணையிட்ட வரலாறு உங்கள் ஊருடையது. குறைவாகச் செய்து, நன்றாகச் செய்து, நீண்டநாள் உழைக்கச் செய்வதே அந்த ஆற்றுக்கு நாம் காட்டும் நன்றி.

செய்ய வேண்டுவன

இறுதியாக, செயலுக்கு வருவோம். கேட்டுவிட்டுக் கலைந்துபோகும் கூட்டமாக இது முடியலாகாது.

ஒன்று: கைத்தொழிலாளரிடம் விலை குறைத்துக் கேளாதீர்கள். விலை மிகையென்று தோன்றினால் எத்தனை நாள் வேலை என்று கேளுங்கள். விடை கிடைத்தபின் வாங்குவதும் விடுவதும் உங்கள் உரிமை.

இரண்டு: உடையின் சீட்டில் தமிழில் எழுதுமாறு கேளுங்கள். துணியின் பெயர், சாயத்தின் பெயர், ஊரின் பெயர் இருக்கட்டும். தைத்தவள் விரும்பினால் அவள் பெயரும் இருக்கட்டும். அவள் மொழியில் தையலுக்கு என்ன பெயரோ, அதனைத் தமிழ் எழுத்தில் அப்படியே எழுதுங்கள், மாற்றாதீர்கள்.

மூன்று: தாண்டாவுக்குச் செல்லும் மாணவர்கள் முதியோரிடம் இருந்து தையற்சொற்களைத் தொகுத்து எழுதி வையுங்கள். முதியோர் இருவர் நினைவில் மட்டும் ஒரு தொழில் நின்ற நிலை மறுபடியும் வரலாகாது.

நான்கு: அச்சிட்ட போலியை வாங்காதீர்கள். துணியைத் திருப்பிப் பாருங்கள். கைத்தையலாயின் பின்புறம் நூல் ஓடிய வழி தெரியும். அச்சாயின் பின்புறம் மங்கலாய் இருக்கும். பின்புறம் பார்க்கக் கற்றவனை யாரும் ஏமாற்ற முடியாது. இது துணிக்கு மட்டும் உரிய அறிவுரை அன்று.

அன்பர்களே! நாலு பேர்க்குக் கிடைக்காதது தனக்குக் கிடைத்தது என்பதில் ஒருவன் பெருமை கொள்கின்றான். மறந்துபோன தையலை மீட்டெடுத்து மடியில் விரித்துவைத்த பெண்கள் தங்கள் கூட்டத்திற்குப் பெருமிதம் என்று பெயரிட்டனர். முதற்பெருமை வாங்கியவனுடையது, காசு போனால் போய்விடும். இரண்டாவது பெருமை செய்தவளுடையது. ஊசியும் நூலும் உள்ளவரை இருக்கும். தமிழுக்காக உழைக்கும் நமக்கு வேண்டியதும் இந்த இரண்டாம் பெருமையே.

உழைக்கும் கைகள் வாழ்க! அக் கைகள் பேசும் மொழிகள் வாழ்க! தமிழ் வெல்க!